குறைச்சல் படி

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
12-6-1961

அன்புத் தம்பி அரிகிருஷ்ணனுக்கு அக்கா குஞ்சம்மாள் எழுதுவது. நானும் உன் மகள் கன்னியம்மாளும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் மூன்று நாளாக என் இடது கையில் கட்டு. நீ அந்த ஆப்பிரிக்கா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, குண்டு படாமல் சுகமாக இருக்க வேண்டும்.

கட்டுக்குக் காரணம் உன் மகள்தான். கடித்துவிட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு ஆயம்மாவின் பெண்ணைத் தலைமயிரோடு பிடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டாள். இரண்டு பேர் சேர்ந்துதான் பிரித்தோம். அந்தப் பிள்ளை நீலம் பாய்ந்து போய், நல்லவேளையாகப் பிழைத்தது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டால் ஒரு பெண்ணின் புருவத்தைக் கிழித்தாள். இனிமேல் அனுப்பாதீர்கள் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். பூசாரியிடம் அழைத்துப் போனேன். வேப்பிலையால் அடித்தார், பிறகு சாட்டையால் அடித்தார். இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கடைசியில் பூசாரிதான் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

பேச்சு இன்னும் இல்லை. நாலு வயதில் நின்ற பேச்சு. சோறும் தொடுவதில்லை. காலையும் மாலையும் ரொட்டிதான். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவனுடைய ரொட்டியை இவளுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்த வருஷம் லீவில் வந்து இவளைப் பிரான்சுக்கு அழைத்துப் போவதாக எழுதியிருந்தாய். கடிக்கிற பிள்ளையை எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள்? அதற்குள் இவளை மனுஷியாக்க வேண்டும் என்றுதான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். வாய்க்கால் ஓரத்தில் ஒரு தர்ம சங்கத்தார் பிள்ளைமனை என்று ஒன்று நடத்துகிறார்கள். பேசாத பிள்ளை, அடிக்கிற பிள்ளை, படுக்கையை நனைக்கிற பிள்ளை எல்லாம் அங்கே வருகிறது. சென்னையில் இதற்கென்றே படித்துவிட்டு வந்த ராஜாம்பாள் அம்மா பார்க்கிறார், எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வியாழக்கிழமை தோறும் போக வேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்தவர் பிள்ளை விளையாடுகிற பாயிலேயே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. என்னைப் போய் வாயை மூடச் சொல்கிறார்கள் பார். கட்டணம் கிடையாது. மத்தியானம் பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடுவதற்கு ஒவ்வொரு வீடும் தன் வீட்டுப் படியைக் கொண்டுவந்து ஒரு படி அரிசி அளந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
குஞ்சம்மாள்


படை முகாம், அல்ஜேரியா
20-7-1961

என் மேல் பாசமுள்ள அக்கா அவர்களுக்குத் தம்பி அரிகிருஷ்ணன் வணங்கி எழுதிக்கொண்டது. நான் இங்கு சுகம். தாங்கள் இருவரும் சுகமாக இருக்க அந்த வில்லியனூர் அம்மனை வேண்டுகிறேன். கைக்கட்டு அவிழ்த்தாகிவிட்டதா?

பிள்ளையைத் தாயாக இருந்து வளர்க்கிறீர்கள், அந்தக் கடனை நான் எந்த ஜன்மத்திலும் தீர்க்க முடியாது. ஆனாலும் வீட்டு விஷயத்தை வெளியாட்கள் முன்னால் பாய் போட்டு விரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மதாம் என்ன கேட்கிறார்? பிள்ளையைக் கேட்கிறாரா, உங்களைக் கேட்கிறாரா? கேட்பதை எழுதிக்கொள்கிறாரா? விவரமாக எழுதுங்கள்.

கன்னியம்மாள் ஒரு வார்த்தை பேசினாலும் முதலில் எனக்கு எழுத வேண்டும். வேறு யாரிடமும் சொல்வதற்கு முன்னால். தகப்பன் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வரும் தோழன் கையில் ஒரு பொம்மை கொடுத்தனுப்புகிறேன். கண்ணை மூடித் திறக்கும்.

இப்படிக்குத் தம்பி
அரிகிருஷ்ணன்


ரெட்டியார்பாளையம்
18-9-1961

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எனக்குப் பழைய ஆலை இருமல், பஞ்சுத்தூள் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மற்றபடி சௌக்கியம். உனக்குக் காய்ச்சல் என்று உன் தோழன் சொன்னான், மருந்து சாப்பிட்டாயா?

பொம்மை வந்தது. நல்ல பொம்மை. அதற்கு ஆயுசுதான் ஒரு வாரம்.

நீ கேட்டபடி விவரம் எழுதுகிறேன். மதாம் பிள்ளையை ஒன்றும் கேட்பதில்லை. சொப்புச் சாமான், மரக்குதிரை, துணிப் பொம்மைகளை நடுவில் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார். பிள்ளை அடித்தால் கையை மட்டும் பிடிக்கிறார், திருப்பி அடிப்பதில்லை. பக்கத்து அறையில் அப்பன் ஆத்தாள்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள். சாராயம் குடித்துவிட்டு மகனைத் தூணில் கட்டி அடித்த ஒரு ஆலைக்காரன் போன வாரம் அங்கே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ நின்றுவிட்டது.

வியாழக்கிழமை காலை மட்டும் கன்னியம்மாளுக்கு வெறி. மற்ற நாளில் சும்மா இருக்கிற பிள்ளை, அன்றைக்குப் பையும் படியுமாக நான் கிளம்பினால் போதும், கையைக் கடிக்கிறாள், கல்லை எடுத்து எறிகிறாள். போன வாரம் என் நெற்றியில் பட்டு ரத்தம். அதோடுதான் நடந்து போனேன். அங்கே வருகிற பெண்களுக்கு என்னைக் கண்டால் கேலி. நம் பித்தளைப் படி ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறதல்லவா, அளந்தால் ஒரு கை குறைகிறது. எனக்கே குறைச்சல் படி குஞ்சம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பொம்மை விஷயம். பாயில் உட்கார்ந்து அதற்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். திடீரென்று மரச் சொப்பை எடுத்து அதன் பின்மண்டையில் அடித்தாள். மூன்று அடி. மூன்றாவதில் மண்டை பிளந்து கண் இரண்டும் உள்ளே விழுந்துவிட்டது. பிறகு மெதுவாகத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் அண்டாவில் குப்புறப் போட்டாள். பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள்.

மதாம் அன்றைக்கு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இவளுடைய அம்மா எப்படி இறந்தார் என்று. கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்றேன். எழுதிக்கொண்டார்.

உடம்பைக் கவனி.

அக்கா
குஞ்சம்மாள்


படை முகாம்
30-10-1961

அக்கா அவர்களுக்கு அரிகிருஷ்ணன் எழுதுவது. காய்ச்சல் விட்டுவிட்டது. சுகம்.

இந்தக் கடிதம் கண்டதும் பிள்ளைமனைக்குப் போவதை நிறுத்திவிடுங்கள். பொம்மையை உடைக்காத பிள்ளை உலகத்தில் உண்டா? அதைப் பெரிய விஷயமாக்கி எழுதிக்கொள்கிற பெண்பிள்ளையிடம் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேலை? வழுக்கி விழுந்தாள் என்று சொன்னீர்கள். அது போதும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட வேண்டாம். அன்று போலீஸ் கொமிசேர் வீட்டுக்கு வந்தபோது அதையேதான் சொல்லிக் கைநாட்டு வைத்தீர்கள், எழுதத் தெரிந்திருந்தும். என்னை நம்பி வைத்தீர்கள். நானும் உங்களை நம்பித்தான் கடல் கடந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே என் வேலை பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் காவல் காப்பது. பேசாதவனைப் பேசவைப்பது எப்படி என்று இங்கே தெரியும். பேசுகிறவனை நிறுத்துவதும் தெரியும். ஆறு வருஷமாகத் தூங்குகிறதை எழுப்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இருமலுக்குச் சுக்குக் கஷாயம் சாப்பிடுங்கள்.

தம்பி
அரிகிருஷ்ணன்


ரெட்டியார்பாளையம்
22-1-1962

தம்பி அரிகிருஷ்ணனுக்கு அக்கா எழுதுவது. பொங்கல் வந்து போயிற்று. பதில் தாமதம். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ நலமென்று நினைக்கிறேன்.

நீ சொன்னபடி நிறுத்தினேன். ஐந்து வியாழக்கிழமை போகவில்லை. அந்த ஐந்து வாரமும் அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். நெற்றியில் கொழுக்கட்டை போல வீங்கிவிட்டது. பழைய சேலையால் கட்டிலோடு கட்டிவைத்தேன். பொய் சொல்வானேன், இரண்டு தரம் துடைப்பத்தாலும் அடித்தேன்.

ஆறாவது வியாழக்கிழமை கண் விழித்தால் கட்டிலில் ஆள் இல்லை. கட்டியிருந்த சேலையைப் பல்லால் அறுத்திருக்கிறாள். வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடினேன். ரெட்டியார்பாளையத்திலிருந்து வாய்க்கால் வரை தனியாக நடந்து போய்ப் பிள்ளைமனை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கதவு இன்னும் திறக்கவில்லை. நான் ஓடிவந்த அவசரத்தில் அரிசியும் இல்லை, படியும் இல்லை, இடுப்பில் கொசுவம் கூட நேராக இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். சோறு, தம்பி. ஆறரை வருஷத்துக்குப் பிறகு. இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று மதாம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வழக்கம்போல அரிசியும் படியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடித்தாள். அதற்கடுத்த வாரம் படியை வீட்டில் வைத்துவிட்டு அரிசியை மட்டும் முடிந்து எடுத்துப்போனேன். கை கோத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவில் நின்றுவிட்டேன். மாட்டு வண்டிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

எந்தப் படி என்று உனக்குத் தெரியும். இவளைப் பெற்ற அன்னக்கிளி பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த பித்தளைப் படி. அன்றைக்கு அதைக் கழுவியவள் நான்தான். மறுநாள் அதிலேயே அரிசி அளந்து உலை வைத்தேன். நல்ல பித்தளை, எதற்கு வீணாக்குவது என்று ஆறரை வருஷம் அதிலேயே அளந்தேன். அந்தச் சோற்றைத் தின்னவில்லை என்றுதான் அவளை அடித்தேன். வாரா வாரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவளை வைத்தியத்துக்கும் அழைத்துப் போயிருக்கிறேன். என்னைப் போல ஒரு மடைச்சி இந்த ஊரில் உண்டா?

மறுபடியும் போய்க்கொண்டிருக்கிறோம். அவள் எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். சாக்குக்கட்டியைத் தொடாத கை, இப்போது சுவரெல்லாம் எழுதுகிறது.

அக்கா
குஞ்சம்மாள்


படை முகாம்
20-2-1962

அக்காவுக்கு, சுகம். சுகமறிய வேண்டும்.

படியைக் கடலில் போடு.

இங்கே சண்டை முடியப்போகிறது என்று பேச்சு. ஆடி மாதம் வருகிறேன். பிரான்சில் ஒரு விதவையைப் பார்த்து முடித்திருக்கிறேன், காரைக்கால் பக்கத்துப் பெண்தான். கன்னியம்மாளை என்னோடு அழைத்துப் போய்விடுகிறேன். அங்கே அவளைப் பார்த்துக்கொள்ள வீடுகள் இருக்கின்றன. கதவு வெளியில் பூட்டுகிற வீடுகள். அவள் எதை எழுதினாலும் அங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை.

அதுவரைக்கும் பேசாத பிள்ளை பேசாமலே இருக்கட்டும். பேச ஆரம்பித்தால் அன்றைக்குச் செய்த மருந்தை இன்னொரு தரம் செய். அன்று நன்றாகவே கேட்டது.

அரிகிருஷ்ணன்


ரெட்டியார்பாளையம்
9-4-1962

அரிகிருஷ்ணனுக்கு,

உன் நலத்தை விசாரிக்க இன்றைக்குக் கை வரவில்லை.

மருந்து என்று எழுதியிருந்தாய். நீ வைத்த பேர் அது. நான் என்ன செய்தேன் என்று நான் எழுதுகிறேன், உன் பெட்டியில் அதுவும் இருக்கட்டும்.

சைகோனிலிருந்து லீவில் வந்திருந்தாய். ஆடி மாதம். மூலக்குளத்திலிருந்து அன்னக்கிளியின் அண்ணன் சின்னக்கண்ணு வந்திருந்தார், விதைத்தது காய்ந்து வீட்டில் அரிசி இல்லை என்று. அவள் ஒரு படி அளந்து கொடுத்தனுப்பினாள். அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து அந்தப் படியைப் பிடுங்கி, என் வீட்டு அரிசி உங்கண்ணன் வயித்துக்கா என்று கேட்டு, பின்மண்டையில் அடித்தாய். நான் கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் இரண்டாவது. மூன்றாவது அடிக்கு அவள் சரிந்துவிட்டாள், அது கிணற்றுக் கட்டையில் பட்டது. அந்த நசுங்கல் அதுதான். அப்புறம் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கிக் கிணற்றில் போட்டோம். நீ தோளை, நான் காலை. கால் சூடாக இருந்தது. உயிர் இருந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பினால் பின்வாசலில் குழந்தை. கையில் கடித்த ரொட்டித் துண்டு.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த பெண்களிடம் அவள் சொல்லிவிட்டாள். எல்லோரும் ஒப்பாரி வைத்த சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை, என் காதில் விழுந்தது. சமையலறைக்குள் தூக்கிப்போய்க் கரண்டிக் காம்பை அடுப்பில் வைத்தேன். அவள் நாக்கைப் பிடித்து வைத்தேன். நாலு வயது நாக்கு, எவ்வளவு சின்னது தெரியுமா? பிள்ளை தாய்க்காக அழுகிறது என்று வெளியே பேசிக்கொண்டார்கள். அன்றோடு அவள் பேச்சு நின்றது. ஏக்கம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். உன்னைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். தம்பி அல்லவா.

உன் கடிதம் வந்த வியாழக்கிழமை பாயில் உட்கார்ந்திருந்தேன். மருந்து என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. சட்டத்தை மீறி வாயைத் திறந்துவிட்டேன். மதாம் ராஜாம்பாளிடம் எல்லாம் சொன்னேன். காறித் துப்புவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் குரல் மாறவில்லை. "என்கிட்ட சொல்லிட்டீங்க. இனிமே அவகிட்ட சொல்லுங்க. அவ கண்டது நெஜம்னு அவளுக்கு உங்க வீட்ல ஒருத்தரும் சொல்லல" என்றார்.

சொன்னேன், அரிகிருஷ்ணா. அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். நீ பார்த்ததெல்லாம் நடந்ததுதான், உன் நாக்கைச் சுட்டது இந்தக் கைதான் என்றேன். அவள் கிட்டே வந்தாள். அடிக்கட்டும் என்று இருந்தேன். இரண்டு விரலால் என் வாயைத் திறந்து, என் நாக்கை உற்றுப் பார்த்தாள். எனக்கும் அங்கே தழும்பு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. வாயை மூடிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு உறக்கம் இல்லை. அவளை உன்னோடு அனுப்ப மாட்டேன்.

குஞ்சம்மாள்


மார்செய், பிரான்சு
14-5-1962

அன்புள்ள அக்காவுக்கு அரிகிருஷ்ணன்.

ஆலையில் பஞ்சுத்தூள் உன் நெஞ்சுக்கு மட்டுமல்ல, மூளைக்கும் போயிருக்கிறது. பைத்தியக்காரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உட்கார்ந்து நீயும் உளற ஆரம்பித்துவிட்டாய். அந்த மதாமிடம் போய், எனக்குக் காய்ச்சல், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது என்று சொல்லிவிடு. சொல்லவில்லை என்றால் முதலில் கயிறு உனக்கு. காலைத் தூக்கியவள் நீ என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது.

நான் பெற்ற தகப்பன். பிள்ளை என்னுடையது. அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எந்தச் சட்டத்திலும் அத்தைக்கு இடமில்லை. ஜூலையில் வருகிறேன். பத்திரங்களோடு வருகிறேன்.

உங்கள் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வயசாகிறது. கிணற்றடி வழுக்கும்.

தம்பி
அரிகிருஷ்ணன்


ரெட்டியார்பாளையம்
11-6-1962

அன்பும் பாசமும் நிறைந்த தம்பி அரிகிருஷ்ணனுக்கு அக்கா குஞ்சம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே உன் நலத்துக்கும், நீ கட்டிக்கொள்ளப்போகிறவளின் நலத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன்.

உன் கடிதம் படித்து அழுதேன். நீ சொன்னதுதான் சரி. காய்ச்சலில் ஏதேதோ உளறிவிட்டேன். மதாமிடமும் அப்படியே சொன்னேன், அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது அங்கே போவதில்லை. படியைக் கடலில் போட்டுவிட்டேன்.

பிள்ளைக்குப் புதுப் பாவாடை தைத்து வைத்திருக்கிறேன். அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நீ ஜூலை 26, வியாழக்கிழமை, விழுப்புரத்திலிருந்து வருகிற காலை ரயிலில் வா. ரயிலடிக்கு அவளை அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறேன். ஊரில் பெருமையாக இருக்கும். பழைய கடிதமெல்லாம் கிழித்துப் போட்டுவிடு, நானும் உன் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன்.

கிணற்றடிப் பாசியை நானே உட்கார்ந்து சுரண்டிவிட்டேன். இனிமேல் வழுக்காது.

என்றும் உன் அக்கா
குஞ்சம்மாள்


பிள்ளைமனை, புதுச்சேரி
15-11-1962

அப்பாவுக்குக் கன்னியம்மாள் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும் என்று அத்தை சொன்னார்கள். நலமா?

சிறையிலிருந்து நீங்கள் அத்தைக்கு எழுதிய கடிதம் வந்தது. அத்தைக்கு இடது கண்ணில் பார்வை இல்லை, வலது கை எலும்பு சேரவில்லை. அதனால் நான்தான் வாசித்தேன். சத்தம் போட்டு வாசித்தேன். பதிலும் நான்தான் எழுதுகிறேன். அத்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தப் பிள்ளை மூளை சரியில்லாத பிள்ளைகள் போகிற வீட்டுக்குப் போகிறது, அதன் பேச்சை நம்பக் கூடாது என்று கோர்ட்டில் அத்தை சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அத்தை சொல்ல மாட்டார்கள். முன்பு சொன்னது பொய் சாட்சி என்று அவர்கள் மேலேயே வழக்கு இருக்கிறது. நியாயம்தான் என்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன். ஜூன் மாதம் அத்தை உங்களுக்கு எழுதிய கடிதம் முழுக்கப் பொய். அதை எழுதுவதற்கு முன்னாலேயே அத்தை மூலக்குளத்துக்குப் போய்ச் சின்னக்கண்ணு மாமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டார்கள். மாமா அத்தையை அறைந்தார். பல் விழுந்தது. அத்தை முந்தானையில் பல்லை முடிந்துகொண்டு, இன்னும் அடிங்க அண்ணே, ஆனா அடிச்சிட்டு எங்கூட வாங்க என்றார்கள். மதாமும் மாமாவும் அத்தையும் போலீசுக்குப் போனார்கள். படியும் உங்கள் கடிதங்களும் அப்போதே அங்கே போய்விட்டன. வியாழக்கிழமை ரயிலடியில் போலீஸ் நிற்பதாக இருந்தது.

நீங்கள் செவ்வாய்க்கிழமையே பஸ்ஸில் வந்துவிட்டீர்கள்.

அத்தை கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாசலில் நின்றேன். நீங்கள் படி எங்கே என்று கேட்டீர்கள். அத்தை சிரித்தார்கள். நீங்கள் பெல்ட்டைக் கழற்றி அடித்தீர்கள், பித்தளைக் கொக்கி கண்ணில் பட்டது. பிறகு பூட்ஸ் காலால் கையை மிதித்தீர்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு தோளைப் பிடித்துக் கிணற்றுக்கு இழுத்தீர்கள். நான் நின்ற இடம் அதே இடம். எனக்குப் பதினொரு வயது, ஆனால் கால்கள் மட்டும் நாலு வயதாகிவிட்டன. அத்தை என்னைப் பார்த்தார்கள். கூப்பிடு என்று சொல்லவில்லை. வாயைத் திறந்து நாக்கை மட்டும் காட்டினார்கள்.

அப்போதுதான் கத்தினேன். அத்தையை விடுங்கள் என்று கத்தவில்லை. நாலு வயதில் சொன்னதுதான் வாயில் வந்தது. "எங்கப்பா எங்கம்மாவ படியால அடிச்சாரு." தெருவில் ஓடிக்கொண்டே கத்தினேன். ஆயம்மா வந்தார்கள், வண்டிக்காரர் வந்தார், எல்லோரும் வந்தார்கள். உங்களைத் தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. எனக்குக் கை துடித்தது, இருந்தாலும் அடிக்கவில்லை. மதாம் இதைக் கேட்டு அழுதுவிட்டார்.

கோர்ட்டிலும் அதையேதான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னார்கள். இரண்டு தரம் சொன்னேன்.

நான் இப்போது மாமா வீட்டில் இருக்கிறேன். அந்த ஒரு படி அரிசிக்காகத்தான் அம்மா செத்தார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மாமா சோறு தொடுவதில்லை. மாமியின் சோற்றுப்பானையை உடைக்கிறார், பேசுவதில்லை. போன வியாழக்கிழமை அவரைப் பிள்ளைமனைக்கு அழைத்துப் போனேன். பாயில் உட்காரவைத்தேன். இங்கே ஒரு மணி நேரம் பேசக் கூடாது மாமா, அப்புறம் பேசலாம் என்று நான்தான் சொன்னேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். படி கோர்ட்டில் இருக்கிறது, அதில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. நாங்கள் டம்ளரால் அரிசி அளக்கிறோம்.

கன்னியம்மாள்
அன்னக்கிளியின் மகள்